காணவில்லை: ஆங்கிலத்தின் பொற்காலம்

ஆங்கிலப் பிழையைக் கண்டால் நெஞ்சு பொறுக்காதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். லண்டனில் இருக்கிறார்கள், நியூயார்க்கில் இருக்கிறார்கள், நம் ஊர் அலுவலகங்களில் மாடிக்கு ஒருவராவது இருக்கிறார். ‘இட்ஸ்’ என்கிற மூன்றெழுத்துச் சொல்லின் தலைமாட்டில் தொங்கும் அந்த அபாஸ்ட்ரபி வேண்டாத இடத்தில் வந்து, வேண்டிய இடத்தில் வராமல் போனால் இவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும். ‘தேர்’ என்ற ஒரே ஓசைக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. ‘அங்கே’ என்பதற்கு ஒன்று, ‘அவர்களுடைய’ என்பதற்கு ஒன்று, ‘அவர்கள் இன்னாராக இருக்கிறார்கள்’ என்பதற்கு ஒன்று. மூன்று தேரையும் வடம் மாற்றி இழுத்து யாராவது ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் போதும், படிக்கிற மனிதர் தேர்க்காலில் அகப்பட்ட திருவாரூர்க் கன்றாகத் துடிப்பார். அடிப்பதற்கு ஆராய்ச்சி மணிதான் அகப்படாது.

இவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். “அந்தக் காலத்தில் எவ்வளவு சுத்தமாக எழுதினார்கள்!”

எந்தக் காலத்தில் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பேச்சு தாத்தாவின் பழைய கடிதங்களுக்குப் போகும், அங்கிருந்து வெள்ளைக்காரத் தலைமையாசிரியருக்குப் போகும், அதற்கு அப்பால் மூட்டமாக இருக்கும். பரவாயில்லை, நாமே தேடிப் பார்த்துவிடலாம். பொற்காலம் என்று ஒன்று இருந்திருந்தால் ஆயிரத்தைந்நூறு வருட வரலாற்றில் எங்காவது காலில் தட்டுப்படாமலா போகும்?

குதிரைகள் வந்த கதை

தேடலைக் கி.பி. 449-இல் தொடங்குவது வழக்கம். பிரிட்டன் அரசன் வோர்ட்டிகெர்னுக்கு வடக்கிலிருந்து பிக்ட்டுகள் தொல்லை. கடல் தாண்டி ஜெர்மானிய அடியாட்களைக் கூலிக்கு வரவழைத்தான் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அடியாட்களின் தலைவர்கள் ஹெங்கிஸ்ட், ஹோர்சா என்ற சகோதரர்கள். ஒரு பெயருக்குப் பொருள் ஆண் குதிரை. இன்னொன்றுக்குப் பொருள் வெறும் குதிரை. பெயரைக் கேட்டபோதே சுதாரித்திருக்க வேண்டும். வோர்ட்டிகெர்ன் சுதாரிக்கவில்லை. வந்தவர்கள் வேலையை முடித்தார்கள், கூலி போதாது என்றார்கள், நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் அவர்கள் பின்னால் வந்த சொந்தபந்தமும் பேசியதுதான் ஆங்கிலம்.

இந்தப் பழைய ஆங்கிலத்தில் இலக்கணத்துக்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் பின்னாலும் வேற்றுமைக்கு ஒரு விகுதி. பால் மூன்று. ஆனால் பால் பிரித்த அழகு இருக்கிறதே! சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். பெண்ணைக் குறித்த ‘விஃப்’ என்ற சொல் ஆணுமில்லை பெண்ணுமில்லை, மூன்றாவது பால். அதே பெண்ணைக் குறித்த ‘விஃப்மன்’ என்ற சொல்லோ ஆண்பால். தொல்காப்பியர் கேள்விப்பட்டிருந்தால் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கேட்டிருப்பார்.

793-இல் வைக்கிங்குகள் வந்தார்கள். லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தைக் கொள்ளையடித்தார்கள். பிறகு பல வருடங்கள் வருவதும் அள்ளுவதுமாக இருந்துவிட்டு, இவ்வளவு தூரம் துடுப்புப் போடுவானேன் என்று அங்கேயே குடியேறிவிட்டார்கள். அவர்கள் பேச்சும் ஆங்கிலமும் பங்காளி மொழிகள். வேர்ச்சொற்கள் ஏறக்குறைய ஒன்று, விகுதிகள்தான் வேறு. சந்தையில் குதிரை விற்கிறவனும் வாங்குகிறவனும் பேசினால் குதிரை இருவருக்கும் புரிந்தது, வால் மட்டும் புரியவில்லை. பேரம் முக்கியமா, வால் முக்கியமா? இருவரும் வாலை விழுங்கிவிட்டுப் பேசினார்கள். ஆங்கிலத்தின் வேற்றுமை விகுதிகளும் பால் பாகுபாடும் உதிர்ந்ததற்கு இந்தக் கலப்பு ஒரு முக்கியக் காரணம் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்தின் எளிமையைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அது பிழையாகப் பேசிய மாட்டுச் சந்தை ஆசாமிகள் போட்ட பிச்சை.

இன்னொரு செய்தி. ‘தே’, ‘தெம்’, ‘தேர்’ என்று ‘அவர்கள்’ குடும்பத்துச் சொற்கள் அத்தனையும் வைக்கிங்குகள் கொண்டுவந்து இறக்கியவை. மின்னஞ்சலில் கன்றைக் கொன்ற தேர்களில் ஒன்று கொள்ளைக் கப்பலில் வந்த சரக்கு. அதை எங்கே நிறுத்துவது என்று இன்னும் குழப்பம் இருப்பதில் வியப்பில்லை.

1066-இல் நார்மண்டி வில்லியம் வந்தான். ஹேஸ்டிங்ஸில் நாட்டைப் பிடிக்க அவனுக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. நாற்பதைக் கடந்த வயதில் ஆங்கிலம் கற்கவும் முயன்றான், முடியாமல் விட்டுவிட்டான் என்று துறவி ஆர்டரிக் விட்டாலிஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேய மன்னன் ஹெரால்டை வீழ்த்தியவனை வேற்றுமை உருபு வீழ்த்தியது. பிறகு முந்நூறு வருடம் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. ஆங்கிலம் கொல்லைப்புறத்தில் வேலையாட்களோடு இருந்தது. பார்த்துத் திருத்த ஆளில்லாததால் இஷ்டத்துக்கு வளர்ந்தது.

1362-இல் ஒரு ஞானோதயம். வழக்காட வருகிற ஜனங்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, ஆகையால் நீதிமன்றங்களில் இனி ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை எழுதிய மொழி பிரெஞ்சு. வழக்கின் பதிவுகளை லத்தீனில் வைக்க வேண்டும் என்பது கூடுதல் ஷரத்து. ஆங்கிலத்துக்குக் கிடைத்த முதல் பெரிய மரியாதை இப்படி வேறு இரண்டு மொழிகளின் தோளில் ஏறித்தான் வந்தது.

பொற்காலம் இதுவரை தட்டுப்படவில்லை. மேலே போவோம்.

முட்டைக்கு வந்த சண்டை

வில்லியம் காக்ஸ்டன் அடிப்படையில் ஜவுளி வியாபாரி. புரூஜ் நகரத்துப் பக்கம் முப்பது வருடம்போல் இருந்துவிட்டு, 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் திறந்தார். திறந்த பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. அச்சடிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். எந்த ஆங்கிலத்தில்?

1490-இல் வெளியிட்ட ‘எனெய்டோஸ்’ முன்னுரையில் அவர் ஒரு கதை சொல்கிறார். தேம்ஸ் வழியாகச் சீலாந்துக்குக் கிளம்பிய வணிகர்கள் சிலர் காற்று நின்றுபோனதால் கரையிறங்கினார்கள். அவர்களில் ஷெஃபீல்டு என்பவர் ஒரு வீட்டில் போய்ச் சாப்பிட ஏதாவது வேண்டும், முக்கியமாக ‘எக்ஸ்’ வேண்டும் என்று கேட்டார். அந்த வீட்டம்மாள், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். ஷெஃபீல்டுக்கு எரிச்சல். அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. அவர் கேட்டது முட்டை. பக்கத்திலிருந்த இன்னொருவர் புகுந்து, இவர் கேட்பது ‘எய்ரன்’ என்று சொன்ன பிறகுதான் அம்மாளுக்கு விளங்கியது. இரண்டும் ஆங்கிலம்தான். ‘எக்ஸ்’ வைக்கிங் வழி வந்த வடக்கத்திச் சொல், ‘எய்ரன்’ தெற்கத்திச் சொல். ஒரே நாட்டில், ஒரே ஆற்றங்கரையில், ஒரு முட்டை வாங்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. இப்போது எதை அச்சடிப்பது என்று காக்ஸ்டன் புலம்புகிறார்.

கடைசியில் லண்டன் பக்கத்து வழக்கை ஒட்டி, கைக்கு வந்ததை அச்சுக்கோத்தார்கள். அச்சகத்தில் ஃபிளாண்டர்ஸ்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊரில் பேயை எழுதும்போது ‘எச்’ போடுவார்கள், அதனால் ஆங்கிலப் பேயும் இன்றுவரை ஓசையில்லாத ஓர் ‘எச்’சைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. பின்னால் வந்த பண்டிதர்கள் தங்கள் பங்குக்கு லத்தீன் பக்தியில் இறங்கினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ சொல்லுக்குள் யாரும் உச்சரிக்காத ‘பி’ ஒன்றைச் செருகினார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ சொல், லத்தீன் ‘இன்சுலா’வின் வம்சம் என்று எண்ணி அதற்குள் ஓர் ‘எஸ்’ஸைத் திணித்தார்கள். அந்தச் சொல்லுக்கும் லத்தீனுக்கும் எந்த உறவும் இல்லை, அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். படித்தவர்கள் செய்த பிழை. ஐந்து நூற்றாண்டாகக் குழந்தைகள் அந்த ‘எஸ்’ஸை விட்டுவிட்டு அடி வாங்குகிறார்கள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆங்கில எழுத்துக்கூட்டலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பழமொழிக்குள் அடக்கம்.

இதற்குள் இன்னொரு கூத்து. ஏறக்குறைய 1400-க்கும் 1700-க்கும் நடுவே ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் வாய்க்குள் இடம் மாறிக்கொண்டன. அச்சுக்காரர்கள் எழுத்தை ஆணியடித்து மாட்டிக்கொண்டிருந்த அதே சமயத்தில் ஓசை கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆங்கிலத்தை எழுதுவது ஒரு விதம், வாசிப்பது ஒரு விதம் என்று ஆனதற்குப் பெரும் காரணம் இதுதான்.

மகாகவியும் மோசமான பைபிளும்

“ஷேக்ஸ்பியர் காலம்! அதுதான் பொற்காலம்!” என்று இப்போது ஒருவர் எழுந்திருப்பார். உட்காருங்கள் ஐயா.

ஷேக்ஸ்பியருடையவை என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கையெழுத்துகள் ஆறு இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட அவர் பெயர் இன்று நாம் எழுதுகிற எழுத்துக்கூட்டலில் இல்லை. தன் பெயரையே ஒரே மாதிரி எழுதாத மனிதரைத்தான் எழுத்துக்கூட்டல் போட்டிகளின் குலதெய்வமாக வைத்திருக்கிறோம். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆன்டனியின் வாயில் உச்சநிலை அடைமொழி ஒன்றின் தலையில் இன்னொரு உச்சநிலையை ஏற்றுகிறார். ‘வெனிஸ் வணிக’னில் ‘மீ’ வரவேண்டிய இடத்தில் ‘ஐ’ போடுகிறார். இரட்டை எதிர்மறையா, தாராளமாகப் போடுகிறார். நம் மாடி ஆசாமியிடம் விடைத்தாள் போயிருந்தால் நூற்றுக்கு முப்பத்தைந்து தேறுவது கஷ்டம்.

1631-இல் அரசரின் அச்சுக்காரர்கள் ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் ஒரு பைபிள் பதிப்பை வெளியிட்டார்கள். பத்துக் கட்டளைகளில் விபசாரம் கூடாது என்கிற கட்டளையில் ஒரே ஒரு சிறிய சொல் விட்டுப்போயிற்று. விட்டுப்போன சொல் ‘நாட்’. கர்த்தர் கூடாது என்றதை அச்சகம் கூடும் என்றது. வாங்கியவர்கள் எத்தனை பேர் இதை ஆண்டவன் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அரசர் முதலாம் சார்ல்ஸ் சும்மா விடவில்லை. 300 பவுன் அபராதம், அச்சு உரிமமும் போயிற்று. இன்று அந்தப் பதிப்பின் பிரதி ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுப்பார்கள். பிழையில்லாத பைபிளை ஓட்டல் அறை மேசையில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

1672-இல் ஜான் டிரைடன், போன தலைமுறை எழுத்தாளர்களின் ஆங்கிலம் பிழை மலிந்தது என்று தீர்ப்பு வழங்கினார். பென் ஜான்சன் வாக்கியத்தைப் பிரெபொசிஷனில் முடிக்கிறார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஜான்சன் 1637-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் பதில் வரவில்லை. டிரைடனுக்கு அதன்பிறகு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். தன் பழைய நூலைப் பிரித்துப் பார்த்தால் அதிலும் வாக்கியங்கள் அப்படியே முடிந்திருந்தன. 1684-இல் மறுபதிப்பு வந்தபோது உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

டிரைடனின் தீர்ப்புக்கு நாற்பது வருடம் கழித்து வந்தார் ஜொனாதன் ஸ்விஃப்ட். 1712-இல் நிதியமைச்சர் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். ஆங்கிலம் நாளுக்கு நாள் கெட்டுவருகிறது, இளவட்டங்கள் சொற்களை வெட்டிச் சுருக்குகிறார்கள், பிரான்ஸில் 1635-இல் அமைத்தது போல ஒரு கழகம் அமைத்து மொழியை நிரந்தரமாக நிலைநிறுத்த வேண்டும் என்றார். ஸ்விஃப்ட்டுக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. எலிசபெத் பட்டத்துக்கு வந்ததிலிருந்து 1642 உள்நாட்டுப் போர் வரை. அதாவது, பிழை மலிந்தது என்று டிரைடன் தள்ளிவைத்த அதே காலம். இவருடைய பொற்காலம் அவருடைய குப்பைத்தொட்டி.

ஸ்விஃப்ட் குறிப்பாக வெறுத்த சொற்களில் ஒன்று ‘மாப்’. கும்பலைக் குறிக்க ஒரு நீண்ட லத்தீன் தொடரை யாரோ வெட்டிச் சுருக்கியது. அந்தக் கொச்சையை இன்று நீதிபதிகள் தீர்ப்பில் எழுதுகிறார்கள். கழகத்துக்கு ஆதரவு தருவாள் என்று எதிர்பார்த்த ஆன் ராணி 1714-இல் காலமானாள், ஸ்விஃப்ட்டின் கட்சியும் கவிழ்ந்தது. தமிழுக்கு மூன்று சங்கம் வாய்த்தது என்பார்கள். ஆங்கிலத்துக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை.

பேராயரும் வக்கீலும்

அரசாங்கம் செய்யாததைப் பாதிரியார்கள் செய்தார்கள். பின்னாளில் லண்டன் பேராயரான ராபர்ட் லவுத் 1762-இல் ஒரு சிறிய ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். முதலில் பெயர் போடாமல். எது பிழை என்று காட்டுவதற்கு உதாரணம் வேண்டுமே? ஷேக்ஸ்பியர், மில்டன், கவிஞர் போப், பைபிள் மொழிபெயர்ப்பு என்று எடுத்து வரிசையாகச் சுழித்தார். மொழியைத் திருத்தக் கழகம் கேட்ட ஸ்விஃப்ட்டும் அந்த வரிசையில் நின்றார்.

பிரெபொசிஷனில் வாக்கியத்தை முடிப்பது பேச்சுக்குச் சரி, கம்பீரமான எழுத்துக்கு ஆகாது என்று லவுத் சொன்னார். இந்த வழக்கத்தின்மேல் நம் மொழிக்கு ஒரு சாய்வு உண்டு என்று அவர் எழுதிய வாக்கியம் எதில் முடிகிறது தெரியுமா? பிரெபொசிஷனில். வேண்டுமென்றே செய்த குறும்பா, கைதவறியதா என்று அறிஞர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு உடன்பாடாகிவிடும் என்கிற கணக்கும் அவர் நூலில் இருக்கிறது. மொழியை அல்ஜீப்ராவாகப் பார்த்தால் சரிதான். ஆனால் லவுத்துக்கு ஏறக்குறைய நானூறு வருடம் முன்னால் கவிஞர் சாஸர், தன் கதையில் வரும் வீரன் யாரையும் கடிந்து பேசாதவன் என்று சொல்ல ஒரே மூச்சில் நான்கு எதிர்மறைகளை அடுக்கியிருக்கிறார். நான்கு என்பது இரட்டைப்படை, அல்ஜீப்ராப்படி அந்த வீரன் வாயைத் திறந்தாலே வசவு. அப்படி யாரும் புரிந்துகொண்டதில்லை.

லவுத்தின் சரக்கை ஊரெங்கும் விற்றவர் லிண்ட்லி மரே. இவர் அமெரிக்க வக்கீல். சுதந்திரப் போர் முடிந்ததும் உடம்பு சரியில்லை என்று இங்கிலாந்துக்கு வந்து, யார்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஹோல்கேட்டில் தங்கினார். உள்ளூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக 1795-இல் ஓர் இலக்கணம் எழுதிக் கொடுத்தார். பெரும்பகுதி லவுத்திடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் எடுத்துத் தொகுத்தது. அது இரண்டு கண்டங்களிலும் லட்சக்கணக்கில் விற்றது. ஆங்கிலேயர்களிடமிருந்து பிரிந்துபோன நாட்டுக்காரர் ஆங்கிலேயர்களுக்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்; அவர்களும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

மரேயின் சொந்த நாட்டில் என்ன நடந்தது? 1787-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதினார்கள். அதன் முதல் பிரிவின் பத்தாவது உட்பிரிவில் ‘அதனுடைய’ என்ற பொருளில் ‘இட்ஸ்’ வருகிறது. அபாஸ்ட்ரபியோடு. நம் மாடி ஆசாமிக்கு ரத்த அழுத்தம் தருகிற அதே பிழை உலகின் பழைய எழுத்துவடிவ அரசியல் சட்டம் ஒன்றில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு அது பிழையே இல்லை என்பதுதான் வேடிக்கை. ‘இட்ஸ்’ என்ற உடைமைச் சொல் ஆங்கிலத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளை. 1611 பைபிளின் மூலப் பதிப்பில் அது கிடையாது. வந்த புதிதில் அபாஸ்ட்ரபியோடுதான் பலர் எழுதினார்கள். பிறகு அதைக் கழற்றினார்கள், கழற்றாதவர்களைப் படிக்காதவர்கள் என்றார்கள். காய்கறிக் கடைப் பலகையில் பன்மைக்கு அபாஸ்ட்ரபி போட்டால் சிரிக்கிறோமே, பதினெட்டாம் நூற்றாண்டில் ‘ஓபரா’ போன்ற வெளிநாட்டுச் சொற்களின் பன்மைக்குக் கனவான்கள் அப்படித்தான் போட்டார்கள். கனவான்கள் விட்டுவிட்டார்கள், கடைக்காரர் விடவில்லை.

நடுவில் யாரும் வரக்கூடாது

விக்டோரியா ராணி காலத்தில் ஒரு புது வியாதி தொடங்கியது. ‘டூ’வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் வேறு சொல் வரக்கூடாதாம். கேன்டர்பரி தலைமைக்குரு ஹென்றி ஆல்ஃபோர்டு 1864-இல் எழுதிய ‘ராணியின் ஆங்கிலம்’ நூலில், இப்படி ஒரு வழக்கம் ஆங்கிலத்தில் கேள்விப்பட்டதே இல்லை என்கிற தோரணையில் பேசினார். அது நூற்றாண்டுகளாக இருந்துவந்த வழக்கம். கேள்விப்படாதது அவர் காது.

உடனே ஜார்ஜ் வாஷிங்டன் மூன் என்ற ஒருவர் கிளம்பினார். பெயரில் அமெரிக்க அதிபரையும் நிலாவையும் சேர்த்து வைத்திருந்த இவர், தலைமைக்குருவின் நூலில் இருந்த பிழைகளைப் பொறுக்கி ‘தலைமைக்குருவின் ஆங்கிலம்’ என்று ஒரு பதில் நூலே போட்டார். அதோடு பசி அடங்கவில்லை. லிண்ட்லி மரேயின் மோசமான ஆங்கிலம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். திருத்தியவரைத் திருத்தியவரைத் திருத்துவது அதற்குள் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

1871-இல் இது ராஜதந்திரம் வரை போனது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிரிட்டனில் கட்டிய ‘அலபாமா’ என்ற கப்பல், வடக்கு மாநிலங்களின் வணிகக் கப்பல்களைத் தேடித் தேடி அழித்தது. நஷ்டஈடு பேச வாஷிங்டனில் உடன்படிக்கை தயாரானது. பிரிட்டிஷ் பிரதிநிதிகளுக்கு லண்டனிலிருந்து தந்தி வந்தது என்று சொல்வார்கள். பல விஷயங்களில் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் ‘டூ’வுக்கும் வினைக்கும் நடுவில் ஓர் அடைச்சொல் வருவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்க முடியாது என்று. அடுத்த வருடம் ஜெனீவா தீர்ப்பாயம் சொன்ன தொகை ஒரு கோடியே 55 லட்சம் டாலர். பிரிட்டன் கொடுத்தது. பணம் போனால் சம்பாதிக்கலாம்!

1926-இல் ஹென்றி ஃபவுலர் தன் ஆங்கில வழக்கு அகராதியில், பிரெபொசிஷன் பயம் ஒரு மூடநம்பிக்கை என்று போட்டு உடைத்தார். ‘டூ’வையும் வினையையும் பிரிப்பதைப் பற்றிய பீதியையும் கிண்டல் செய்தார். பிழை பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஃபவுலரைப் பக்தியோடு வாங்கி அலமாரியில் வைத்தார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் திருப்பவில்லை.

ஒரு காற்புள்ளியின் விலை

அப்படியானால் இலக்கணமே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பால் வண்டி ஓட்டுநர்களைக் கேளுங்கள்.

வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். சில வேலைகளுக்கு விலக்கு. கெட்டுப்போகும் உணவுப் பொருள்களைப் பதப்படுத்துவது, உலர்த்துவது, சேமிப்பது என்று ஒரு நீண்ட பட்டியல். கடைசியில், ‘அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ கட்டுவது’ என்று படிக்கும்படி ஒரு தொடர். அதையே ‘அனுப்புவதற்காகக் கட்டுவது, அல்லது விநியோகிப்பது’ என்றும் படிக்கலாம். இரண்டில் எது என்று சொல்லக்கூடிய காற்புள்ளி அந்த இடத்தில் இல்லை. அது வராதது தற்செயலும் அல்ல. அப்படிப்பட்ட இடத்தில் காற்புள்ளி போட வேண்டாம் என்று மெய்ன் சட்ட வரைவுக் கையேடே சொல்லியிருந்தது.

ஓட்டுநர்கள் பாலை விநியோகித்தார்கள். எதையும் கட்டவில்லை. எங்களுக்கு விலக்குப் பொருந்தாது, கூடுதல் சம்பளம் கொடு என்று ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் தெளிவில்லை, தொழிலாளிக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்றது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம். சட்டமன்றம் பிறகு பட்டியலைத் திருத்தி அரைப்புள்ளிகளாக நட்டது. சூடுகண்ட பூனை.

இங்கேதான் வித்தியாசம். அந்தக் காற்புள்ளி இல்லாததால் படிக்கிறவருக்கு இரண்டு பொருள் வந்தது, ஒருவருடைய கூலி ஊசலாடியது. ஆல்ஃபோர்டின் ‘டூ’வுக்கு நடுவில் ஒரு சொல் என்ன, ஊர்வலமே போனாலும் யாருடைய கூலியும் குறையாது. புரிதலைக் கெடுக்கும் பிழை ஒன்று, திருத்துகிறவருடைய மூக்கை மட்டும் சுளிக்கவைக்கும் பிழை இன்னொன்று. வரலாற்றில் சத்தம் முழுவதும் இரண்டாவதைப் பற்றித்தான்.

இங்கிலாந்தின் பாஸ்டன் நகரத்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001-இல் அபாஸ்ட்ரபி பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். அதே வருடம் விளையாட்டு நோபல் என்று சொல்லப்படும் இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கடைகளுக்கெல்லாம் மரியாதையாகக் கடிதம் எழுதிப் பார்த்தார். 2009-இல் பர்மிங்காம் மாநகராட்சி தெருப் பலகைகளில் இனி அபாஸ்ட்ரபியே கிடையாது என்றது. 2012-இல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை தன் பெயரிலிருந்து அதைக் கழற்றி வீசியது. புத்தகக் கடையே! 2019-இல், 96 வயதில், சோம்பலும் அறியாமையும் வென்றுவிட்டன என்று அறிவித்து ரிச்சர்ட்ஸ் சங்கத்தைக் கலைத்தார். நல்ல மனிதர். போராடிய எதிரிதான் ஆயிரத்தைந்நூறு வருடச் சோம்பலின் வாரிசு.

2003-இல் லின் டிரஸ் நிறுத்தற்குறிகளைக் காப்பாற்றச் சொல்லி எழுதிய நூல் அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் விற்றுத் தீர்ந்தது. மறு வருடமே ‘நியூயார்க்கர்’ இதழில் லூயி மெனண்ட் அந்த நூலில் உள்ள நிறுத்தற்குறிப் பிழைகளை வரிசைப்படுத்தினார். இந்த நோய்க்கு 1992-லேயே ஆஸ்திரேலிய எடிட்டர் ஜான் பாங்சுண்ட் பெயர் வைத்துவிட்டார்: ‘மஃப்ரி விதி’. பிறர் எழுத்தில் பிழை கண்டுபிடித்து நீ எழுதினால், அதில் உன் பிழை ஒன்று இருந்தே தீரும். மர்ஃபி விதியின் பெயரையே பிழையாக எழுதிப் பெயர் வைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க.

பெயர் போடாதவர்

நமக்கு இந்த வியாதி வந்தது ரென் அண்ட் மார்ட்டின் வழியாக. 1935-இல் வந்த அந்த இலக்கணத்தை மனப்பாடம் செய்த நம் பெரியவர்கள், அதை எழுதியவர் வானத்திலிருந்து இறங்கியவர் என்று நினைத்தார்கள். பி.சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். உலகம் அவரை அறிந்தது 1924-இல் எழுதிய ‘போ ஜெஸ்ட்’ நாவலால். பாலைவனம், பிரெஞ்சு அந்நியப் படை, திருட்டுப்போன நீலக்கல். ஆக, செயப்பாட்டு வினையை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மசாலாக் கதாசிரியர்.

ஆனால் உண்மையான திருத்துநர் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, ஆங்கிலப் பேச்சுக்காக ‘வெள்ளி நாவலர்’ என்று பேரரசே கொண்டாடிய வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். அதன் இரண்டாம் பதிப்புக்கு முன்னால் மொழிபெயர்ப்பை வரிவரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரி. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் பெயர் எங்கும் வரக்கூடாது. 1940 பதிப்பின் முன்னுரையில் தேசாய், ஆங்கிலத்தில் பெரும் புலமையுள்ள மரியாதைக்குரிய நண்பர் ஒருவர் திருத்தினார் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டிரைடன் செத்தவரைத் திருத்தினார், லவுத் மகாகவிகளைத் திருத்தினார், மூன் தலைமைக்குருவைத் திருத்தினார். எல்லோருக்கும் பார்வையாளர்கள் தேவைப்பட்டார்கள். பேரரசிலேயே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களில் ஒருவர், மகாத்மாவின் நூலில் கைவைக்கும் வாய்ப்புக் கிடைத்தும், பிழையை எடுத்துவிட்டுக் கைரேகையையும் துடைத்துவிட்டுப் போனார். பொற்காலம் கிடைக்கவில்லையே தவிர, தேடிப் போனதில் திருத்துகிறவருக்கு ஓர் இலக்கணம் கிடைத்தது.

ஆகவே குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா ‘யுவர் வெல்கம்’ என்று அபாஸ்ட்ரபியை விட்டுவிட்டுப் போட்டால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அல்லது பேசாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். எல்லோர் முன்னாலும் திருத்தினால் அவர் பதில் எழுதுவார். அதில் இரண்டு பிழை இருக்கும். அதை நீங்கள் திருத்துவீர்கள். அந்தத் திருத்தத்தில் ஒரு பிழை இருக்கும், அதைச் சின்ன அத்தை கண்டுபிடிப்பாள். வருகிற பொங்கலுக்கு யார் வீட்டிலும் யாரும் சாப்பிட மாட்டார்கள்.